எடை மாற்றும் டம்பெல் முதல் ட்ரெட்மில் வரை: வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள், ஒரு மதிப்பீடு

வீட்டில் உடற்பயிற்சி செய்யத் தீர்மானிக்கும் பலர் முதலில் ட்ரெட்மில்லைத்தான் நினைக்கிறார்கள். இந்த மதிப்பீட்டில் அதற்குக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில்தான் இடம். கூட்டிக் குறைக்கக்கூடிய எடைகள் முதலில், அசையாத ஒரு பெஞ்ச் அடுத்து, அதற்குப் பிறகும் அறையில் இடம் மிஞ்சினால் இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை கொடுக்கும் இயந்திரம் ஒன்று என்பதே என் வரிசை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைப்பதோடு, முக்கியமான தசைத்தொகுதிகள் அனைத்துக்கும் வாரத்தில் குறைந்தது 2 நாள் வலுப்பயிற்சி தேவை என்றும் சொல்கிறது. முதல் பகுதியை வேகநடையாலும் படியேறுவதாலும் எந்தக் கருவியும் இல்லாமலே நிறைவேற்றிவிடலாம். இரண்டாவது பகுதிதான் ஒரு கட்டத்துக்கு மேல் கருவியைக் கேட்கிறது. தண்டாலும் பஸ்கியும் நல்ல தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடல் அவற்றுக்குப் பழகிவிட்டால் எண்ணிக்கை கூடுமே தவிர வலிமை அதே வேகத்தில் கூடாது. அதிலும் முதுகுத் தசைகளுக்கு வேண்டிய இழுக்கும் அசைவுக்கு, தொங்குவதற்கு ஒரு கம்பியோ கையில் பிடிக்க ஓர் எடையோ இல்லாமல் வழியில்லை.

எடைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கேட்பது “அதிகபட்சம் எத்தனை கிலோ” என்பதை. அதைவிட முன்னதாகக் கேட்க வேண்டியது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எத்தனை கிலோ கூடுகிறது என்பது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பின் பரிந்துரைப்படி, நிர்ணயித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்க முடிகிற நிலை வந்ததும் எடையை 2 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்தலாம். இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், 20 கிலோவிலிருந்து 22.5 கிலோவுக்குப் போவது 12.5 விழுக்காட்டு உயர்வு. சற்றுக் கடினம், ஆனாலும் சமாளிக்கலாம். அதே 2.5 கிலோவை 5 கிலோ டம்பெல்லின் மேல் ஏற்றினால் உயர்வு 50 விழுக்காடு. தோளுக்காகக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியில் பலர் மாதக்கணக்கில் ஒரே எடையில் நின்றுவிடுவதற்கும், பிறகு பொறுமையிழந்து உடலை ஆட்டி வீசித் தூக்கத் தொடங்குவதற்கும் இதுதான் காரணம். எனவே சிறிய எடைகளுக்கு இடையில் சிறிய படிகள் இருப்பதே நல்ல டம்பெல்லின் முதல் இலக்கணம். வெவ்வேறு எடையில் தனித்தனி இணைகளாக வாங்கினால் இந்தத் தேவை நிறைவேறும். ஆனால் அறையின் ஒரு சுவர் முழுவதும் அதற்கே போய்விடும். வீட்டுக்கு எடை மாற்றும் டம்பெல் பொருந்துவது இதனால்தான். அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை மிகப் பழையது: இரு முனையிலும் திருகுமரை வெட்டிய கைப்பிடி, அதில் கோக்கும் வட்டத் தட்டுகள், தட்டுகளை இறுக்கும் நட்சத்திர வடிவ மரைகள். உள்ளே உடைவதற்கு எந்த நுட்பமான பாகமும் இல்லை என்பதால் இது நெடுங்காலம் உழைக்கும், 0.5 கிலோ, 1.25 கிலோ போன்ற சிறு தட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால் மேலே சொன்ன படிக் கணக்கும் கைக்கு அடங்கும். குறை நேரத்தில் இருக்கிறது. ஓர் இணைக்கு நான்கு மரைகளைக் கழற்றித் தட்டுகளை மாற்றித் திரும்ப இறுக்குவதற்குள் உடலின் சூடு தணிந்துவிடும். மணிக்கட்டைத் திருப்பும் பயிற்சிகளில் மரை மெதுவாகத் தளரும் என்பதால், உட்புறத்தில் ரப்பர் வளையம் வைத்த மரைகளை மட்டுமே வாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கையால் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் நல்லது. தட்டைத் தாண்டி நீளும் மரைமுனை, டம்பெல்லைத் தொடையில் நிறுத்தி வைக்கும்போது குத்தும். வாங்குவதற்கு முன் துளையின் விட்டத்தையும் அளந்துகொள்ள வேண்டும்: சிறு தட்டுகள் 25 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் என இரு விதமாக வருகின்றன, இரு கைகளாலும் தூக்கும் நீண்ட கம்பியான ஒலிம்பிக் பார்பெல்லுக்குரிய தட்டுகளின் துளை 50 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கம்பியில் 28 மில்லிமீட்டர் தட்டு ஏறும், ஆனால் கடகடவென்று ஆடும்.

இரண்டாவது வகையில் முனையில் ஒரு திருகுவட்டம் இருக்கும். அதைத் தேவையான எண்ணுக்குத் திருப்பித் தூக்கினால் அந்த அளவுக்கான தட்டுகள் மட்டும் கைப்பிடியோடு எழும்பும். மீதி தாங்கியிலேயே தங்கிவிடும். இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது போஃப்ளெக்ஸ் செலக்டெக் 552. ஒரு டம்பெல் 2.3 கிலோவில் தொடங்கி 23.8 கிலோ வரை 15 படிகளில் மாறும், 11.3 கிலோ வரை ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1.1 கிலோ, அதற்கு மேல், கடைசிப் படியைத் தவிர, ஏறத்தாழ 2.3 கிலோ. எங்கே சிறு படி வேண்டுமோ அங்கே சிறு படி வைத்த வடிவமைப்பு இது. அந்த வகையில் பாராட்டத்தக்கது. ஆனால் எடை எவ்வளவு குறைந்தாலும் நீளம் 40 சென்டிமீட்டரிலேயே நிற்கும். 5 கிலோவைத் தூக்கும்போதும் பெரிய டம்பெல்லின் முனைகள் தொடையிலும் நெஞ்சிலும் இடிக்கும்.

இந்த மாதிரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூன் மாதத்தில் போஃப்ளெக்ஸ் 552, 1090 ஆகிய இரு மாதிரிகளையும் சேர்த்து ஏறத்தாழ 38 லட்சம் டம்பெல்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பயன்பாட்டின்போது தட்டுகள் கைப்பிடியிலிருந்து கழன்று விழக்கூடும் என்பதே காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட காயங்கள் பதிவாகியிருந்தன. இந்த மாதிரிகளை வைத்திருப்பவர்களும் இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்களும் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஒரு நிறுவனத்தின் பொருளோடு முடிந்துவிடும் விஷயமாகவும் இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. திருகுவட்ட வகையில் தட்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பவை சிறு கொக்கிகள். அவை சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும், தாங்கியிலிருந்து எடுத்ததும் முழங்கால் உயரத்தில் ஒருமுறை சாய்த்து, தட்டுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டே முகத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். தரையில் போடவே கூடாது. பெட்டியோடு வரும் கையேடு இதைச் சொன்னாலும் நாம் படிப்பதில்லை.

மூன்றாவது வகை கட்டை வடிவம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் சதுர அடுக்குகள், நடுவில் கைப்பிடி, எத்தனை அடுக்கு வேண்டுமோ அந்த இடத்தில் செருகும் ஒரு ஊசி. பவர்பிளாக் நிறுவனத்தின் டம்பெல்கள் இதற்கு எடுத்துக்காட்டு. எடையைக் குறைத்தால் நீளமும் குறையும். ஊசி எங்கே செருகியிருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். மாற்றுவதற்குச் சில நொடிகள் போதும். கை ஒரு கூண்டுக்குள் நுழைவதால் தடித்த மணிக்கட்டு உள்ளவர்களுக்கு முதலில் இறுக்கமாகத் தோன்றும். டம்பெல்லின் ஒரு முனையை இரு கைகளாலும் ஏந்திச் செய்யும் பயிற்சிகளுக்கு இதன் வடிவம் ஒத்துவராது. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த மூன்றாவது வகையே என் முதல் தேர்வு. செலவைச் சுருக்க வேண்டியவர்களும் கருவியை முரட்டுத்தனமாகக் கையாள்பவர்களும் திருகுமரை வகையை எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டார்கள்.

டம்பெல்லுக்கு அடுத்தது பெஞ்ச். விளம்பரத்தில் எழுதியிருக்கும் தாங்குதிறன் என்பது படுப்பவரின் உடல் எடையையும் கையிலிருக்கும் எடையையும் சேர்த்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 24 கிலோ டம்பெல்கள் இரண்டைத் தூக்கினாலே பெஞ்சின் மேல் 128 கிலோ வந்துவிடுகிறது. இன்னும் எடையேற்றும் எண்ணமுள்ளவருக்கு 150 கிலோ தாங்கும் பெஞ்ச் போதாது. அளவுகளுக்குப் பன்னாட்டுப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிகளையே துணைக்கு எடுத்துக்கொள்ளலாம்: போட்டிப் பெஞ்சின் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர் வரையிலும், அகலம் 29 முதல் 32 சென்டிமீட்டர் வரையிலும் இருக்க வேண்டும். வீட்டுக்கென்று விற்கப்படும் மடக்குப் பெஞ்சுகளில் சில இதைவிடக் குறுகலானவை. அவற்றில் படுத்தால் தோள்பட்டை எலும்புகள் இருபுறமும் காற்றில் தொங்கும். உயரம் கூடிப்போனால் குட்டையானவர்களின் பாதம் தரையில் முழுமையாகப் பதியாது. சாய்வு மாற்றும் பெஞ்சில், கிடைமட்டமாக வைக்கும்போது இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே விழும் இடைவெளியையும் பார்க்க வேண்டும். நான்கு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது சரியாக இடுப்பருகே வந்து உறுத்தும். கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு: பெஞ்சின் தலைப்பக்க ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அப்போது கால்பக்கம் தூக்கிக்கொண்டால் அதை விட்டுவிட வேண்டும்.

பார்பெல்லும் அதைத் தாங்கி நிறுத்தும் இரும்புச் சட்டமும் தனி அறை உள்ளவர்களுக்கு உரியவை. ஆண்களுக்கான ஒலிம்பிக் கம்பி 20 கிலோ எடையும் 2.2 மீட்டர் நீளமும் கொண்டது. பெண்களுக்கானது 15 கிலோ எடையும் 2.01 மீட்டர் நீளமும் கொண்டது. இருபுறமும் நின்று தட்டு ஏற்றுவதற்கு இடம் விட்டால் 3 மீட்டர் அகலத்துக்குக் குறைந்து சரிப்படாது. வீட்டில் தனியாகத் தூக்குபவர், கம்பி கைநழுவினால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புக் குறுக்குக்கம்பிகள் இல்லாத சட்டத்தில், படுத்தபடி கம்பியை நெஞ்சுக்கு மேல் தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் ரப்பர் பட்டைகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இழுக்க இழுக்கத்தான் அதன் எதிர்ப்பு கூடும் என்பதால் அசைவின் தொடக்கம் லேசாகவும் முடிவு கடினமாகவும் இருக்கும். டம்பெல்லில் இந்த அனுபவம் கிடைக்காது. முதுகுக்கான இழுப்புப் பயிற்சிக்கும், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப்பை இன்னும் எடுக்க முடியாதவர்களைக் கீழிருந்து தாங்கிப் பழக்குவதற்கும் இது சிறந்த துணை. ஆனால் ஏற்றிய சுமை எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல முடியாததால், முன்னேற்றத்தை அளக்க விரும்புகிறவருக்கு இது ஒன்றே போதாது. லேடெக்ஸ் பட்டை வெயிலிலும் எண்ணெயிலும் கெட்டுப்போகும். ஓரத்தில் சிறு கீறல் கண்டாலும் எறிந்துவிட வேண்டும், ஏனெனில் அறுபடும் பட்டை பாய்வது முகத்தை நோக்கி. கதவில் மாட்டும்போது, நம் இழுப்பு கதவை நிலையோடு சேர்த்து அடைக்கும் பக்கத்தில் நின்று இழுக்க வேண்டும்; திறக்கும் பக்கத்தில் நின்றால் தாழ்ப்பாளை நம்பித்தான் நிற்கிறோம்.

இனி இயந்திரங்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால், உட்கார்ந்தபடி படகோட்டுவதுபோல் இழுக்கும் துடுப்பு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பேன். காலும் முதுகும் கையும் ஒரே அசைவில் வேலை செய்கின்றன. பாதம் தரையில் மோதாததால் முழங்காலுக்கு அதிர்ச்சி இல்லை. இவ்வகையில் மற்றவற்றை அளக்கும் கோலாக இருப்பது கான்செப்ட்2 நிறுவனத்தின் இயந்திரம். டிக், பீட்டர் டிரைசிகேக்கர் என்ற படகோட்டிச் சகோதரர்கள் 1976இல் துடுப்பு செய்வதற்காகத் தொடங்கிய நிறுவனம் அது. உள்ளரங்கில் துடுப்புப் போடும் இயந்திரத்தை 1981இல் கொண்டுவந்தார்கள். காற்றாடிச் சக்கரம் ஒன்று காற்றைத் தள்ளிச் சுழல்வதுதான் அதன் எதிர்ப்பு. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு கடினமாகும். எனவே எழுபது வயதுக்காரரும் விளையாட்டு வீரரும் எதையும் மாற்றாமல் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து உட்காரலாம். பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்புகோலை எடை என்று நினைத்து 10இல் வைத்துக்கொண்டு மூச்சிரைப்பவர்கள் ஏராளம். அது சக்கரக் கூட்டுக்குள் நுழையும் காற்றின் அளவை மாற்றுகிறதே தவிர வேறல்ல. பெரும்பாலோருக்கு 3 முதல் 5 வரை போதும். இரண்டு இழுப்புகளுக்கு நடுவில் சக்கரம் எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதை அளந்து கணக்கிடுவதால், நெம்புகோல் எந்த எண்ணில் இருந்தாலும் திரையில் தெரியும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மற்ற இயந்திரங்களில் அரிதாகவே கிடைக்கும் நேர்மை இது.

அதன் குறைகளும் சிறியவை அல்ல. நீளம் ஏறத்தாழ 244 சென்டிமீட்டர். இரண்டாகக் கழற்றி நிறுத்தலாம் என்றாலும் தினமும் யாரும் கழற்றப்போவதில்லை. சக்கரத்தின் இரைச்சல் பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்பும். அமைதி முக்கியம் என்றால் காந்த எதிர்ப்பு வகையை நாட வேண்டும், ஆனால் இழுப்புக்கேற்பத் தானாகக் கூடும் எதிர்ப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. சங்கிலிக்கு 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை எண்ணெய் இட வேண்டும். எல்லாவற்றையும்விட, இழுக்கும் முறையைப் பழகாமல் இதில் உட்காரக் கூடாது. முதலில் கால்கள் தள்ள வேண்டும், பிறகு உடல் பின்னே சாய வேண்டும், கடைசியில்தான் கை இழுக்க வேண்டும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக. முதுகை வளைத்துக் கையால் மட்டும் இழுப்பவருக்கு இடுப்புவலி நிச்சயம் விருந்தாளியாக வரும்.

உடற்பயிற்சி சைக்கிளைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. காந்த எதிர்ப்பு உள்ளதை வாங்க வேண்டும். உராய்வுப் பட்டை தேயும், மணக்கும். மிதி அடிப்புள்ளியில் இருக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு மிஞ்சும்படி இருக்கையின் உயரத்தை வைக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் சிறிய அறைக்கும் ஏற்ற கருவி இதுவே.

ட்ரெட்மில்லை முழுவதுமாக ஒதுக்கவில்லை. வெளியே நடக்கப் பாதுகாப்பான இடமோ உகந்த பருவநிலையோ இல்லாதவருக்கு அது அவசியம். ஆனால் அதில் ஏமாற வாய்ப்பும் அதிகம். குதிரைத்திறனைப் பார்க்கும்போது உச்சத் திறனை விட்டுவிட்டுத் தொடர்ந்து தரும் திறனைக் கேட்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது. நடக்க 120 சென்டிமீட்டர் நீளப் பட்டை போதும். ஓடுபவருக்கு 140 சென்டிமீட்டராவது வேண்டும், உயரமானவருக்கு இன்னும் கூடுதல். பட்டைக்கு அடியில் சிலிக்கோன் எண்ணெய் இடாமல் விட்டால் உராய்வு கூடி மோட்டார் திணறும். இடுப்பில் செருகும் பாதுகாப்புச் சாவியை அலங்காரம் என்று நினைக்கக் கூடாது: 2021 மே மாதத்தில் பெலோட்டன் நிறுவனத்தின் ட்ரெட்+ மாதிரி அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது, பட்டையின் பின்முனைக்கு அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்த பிறகு. குழந்தைகள் உள்ள வீட்டில் பயிற்சி முடிந்ததும் சாவியை எடுத்து எட்டாத இடத்தில் வைப்பதும், மின்செருகியைப் பிடுங்கிவிடுவதும் கட்டாயம். ட்ரெட்மில்லோ சைக்கிளோ எதுவானாலும், திரையில் ஓடும் கலோரி எண் ஒரு தோராய மதிப்பீடுதான். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடலாம், சாப்பிட்டதை அதில் கழிக்கக் கூடாது.

கம்பிவடமும் உருளைகளும் அடுக்குத் தட்டுகளும் கொண்ட மல்ட்டி ஜிம், பல வயதினர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு மட்டும் பொருந்தும். எடை தலைக்கு மேல் போகாததால் ஆபத்து குறைவு, ஊசியை மாற்றினால் அடுத்தவர் உட்காரலாம். ஆனால் உருளை அமைப்பைப் பொறுத்து 50 கிலோ என்று எழுதியது கையில் 25 கிலோவாக மட்டுமே வந்துசேரக்கூடும். எனவே அதன் எண்களை டம்பெல் எண்களோடு ஒப்பிட முடியாது. வயிற்றைச் சுற்றிக் கட்டி அதிரவைக்கும் பட்டைகளுக்கு இந்த மதிப்பீட்டில் இடமில்லை. எந்த இடத்தை ஆட்டினாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதில்லை.

கருவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அறையை அளந்துவிட வேண்டும். நின்றபடி கையை உயர்த்தி, அதற்கு மேல் ஒரு தட்டின் பாதி விட்டத்தையும் சேர்த்துக் கூரையின் உயரத்தைப் பார்க்க வேண்டும்; போட்டித் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால் அந்தப் பாதி 22.5 சென்டிமீட்டர். ட்ரெட்மில்லுக்கு உங்கள் உயரத்தோடு அதன் மேடை உயரத்தையும் ஓடும்போது எழும்பும் அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தரைக்குக் கெட்டியான ரப்பர் விரிப்பே சரி. புதிர்த்துண்டுபோல் கோக்கும் மெத்தென்ற நுரை விரிப்பு யோகாசனத்துக்கு நல்லது, எடையோடு நிற்கும்போது குதிகாலை ஆட்டும். மடக்கி அலமாரியில் வைக்கும் கருவியைவிட, எப்போதும் விரித்தபடி கண்ணெதிரே கிடக்கும் கருவிதான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. ஆகவே ஒன்றை விரிக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருந்தால் இரண்டில் ஒன்று தேவையில்லை.

பயன்படுத்தும் முறை எளிது. குந்தி எழுதல், இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குதல், படுத்துத் தள்ளுதல், குனிந்து இழுத்தல், தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகிய ஐந்து அசைவுகளையும் ஓர் இணை டம்பெல்லும் ஒரு பெஞ்சும் கொண்டு செய்துவிடலாம். வாரத்துக்கு 2 நாள், ஒவ்வோர் அசைவையும் 8 முதல் 12 முறை வரை, இரண்டு மூன்று சுற்று. எல்லாச் சுற்றிலும் 12 எட்டியதும் ஒரு படி எடை கூட்டி மீண்டும் 8இலிருந்து தொடங்க வேண்டும். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ மூட்டுக் காயமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பழைய கருவி வாங்கலாமா என்றால், அது கருவியைப் பொறுத்தது. இரும்புத் தட்டுக்கு வயதாவதில்லை. துருவைத் தேய்த்துவிட்டால் புதியதுதான், அதைப் புதிதாக வாங்குவதே வீண்செலவு. பெஞ்சில் பற்றவைத்த இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்றும், சாய்வு மாற்றும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். துடுப்பு இயந்திரத்தில் இருக்கை ஓடும் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு விரலால் தடவினால் பள்ளங்கள் தெரிந்துவிடும். சங்கிலி துருப்பிடித்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ட்ரெட்மில்லை மட்டும், உங்கள் எடையோடு அதன்மேல் கால் மணி நேரம் தொடர்ந்து நடந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கினால் இழுவிசையைத் திருத்திச் சரிசெய்யலாம். கருகல் வாடை வந்தாலோ ஒவ்வோர் அடிக்கும் பட்டை தயங்கினாலோ, விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது.